பனி பார்க்கப் போய்க் குழாயை மூடிவிட்டு வந்த கதை

சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு கிளென்ஃபீல்டிலிருந்து கிளம்பினோம். ஏழரைக்கே கிளம்புவதாகத்தான் பேச்சு. புளியோதரை ஆறட்டும் என்று நான்தான் முக்கால் மணி நேரத்தைத் தின்றேன். தம்பி சுந்தர் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தான். அவன் மனைவி நித்யா நர்ஸ். அந்த சனி ஞாயிறு அவளுக்கு மருத்துவமனையில் டியூட்டி. அதனால் அக்காவும் தம்பியும் மட்டும்தான் பயணம்.

நான் அம்பத்தூர்க்காரி. வயது ஐம்பத்தேழு. தம்பியைப் பார்க்க ஆறு வாரத்துக்கு ஆக்லாந்து வந்திருந்தேன். ஜூலை மாதம் இங்கே நடுக்குளிர்காலம். ஆனால் ஆக்லாந்தில் பனி கொட்டுவதில்லை. மழை, காற்று, மறுபடி மழை, அவ்வளவுதான். நியூசிலாந்து வரை போய்ப் பனியைப் பார்க்காமல் வந்தேன் என்று எங்கள் தெருவில் சொன்னால் ஒருத்தியும் மதிக்க மாட்டாள். அதனால் வந்த நாளிலிருந்தே தம்பியை அரித்தேன். தாங்க முடியாமல் அவன் நேசனிடம் கேட்டான்.

நேசன் யாழ்ப்பாணத்துக்காரர். மவுண்ட் ரோஸ்கில்லில் வீடு, சொந்தமாகப் பிளம்பிங் தொழில், இரண்டு வேன். சுந்தர் வீட்டு வெந்நீர்த் தொட்டியைச் சரிசெய்ய வந்தவர் அப்படியே நண்பராகிவிட்டார். எரிமலைப் பக்கத்தில் நேஷனல் பார்க் என்ற சின்ன ஊரில், மனைவியின் தம்பி ரூபனோடு கூட்டாக ஒரு மரவீடு வாங்கிப் போட்டிருந்தார். “சும்மா பூட்டிக் கிடக்கிற வீடுதானே, அக்கா போய் நிண்டு வடிவாப் பாக்கட்டும்,” என்றாராம். வாடகைப் பேச்சே எடுக்கவில்லை. சாவி ரூபனிடம் இருந்தது. ரூபன் இருப்பது புக்கெகோஹியில்.

ஒன்பதரை மணி. கிளென்ஃபீல்டிலிருந்து துறைமுகப் பாலம் ஏறி, நகரத்தைத் தாண்டி, தெற்கே அறுபது கிலோமீட்டர் வந்தால் புக்கெகோஹி. மண் செக்கச்செவேல் என்றிருந்தது. வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு என்று கண்ணுக்கெட்டிய வரை பாத்தி. காய்கறி பேக் செய்யும் ஒரு கொட்டகை வாசலில் காரை நிறுத்தினோம். தலையில் வலைத்தொப்பியும் காலில் ரப்பர் பூட்ஸுமாக ரூபன் வெளியே வந்தார். முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண் குழந்தைகள். பதினோரு வருடமாக அந்தக் கொட்டகையில் கேரட் பொறுக்குகிறார்.

சாவியைக் கொடுத்துவிட்டு என்னைத் தனியாக நிறுத்திவைத்து விளக்கினார். அங்கே வீடுகள் தரையில் உட்காருவதில்லையாம். குட்டை மரக்கால்கள் மேல் நிற்குமாம். தண்ணீர்க் குழாய்கள் தரைப்பலகைக்கு அடியில் குளிர்காற்றில் ஓடும். ராத்திரி குழாய்க்குள் தண்ணீர் உறைந்தால் பருத்துக் குழாயைப் பிளந்துவிடும்.

“நான் வீட்டுக்குக் கீழ தவண்டு போய் எல்லாப் பைப்புக்கும் குளிர் ஏறாமல் நுரைப்பஞ்சு சுத்தினனான் அக்கா. ஒரு முழம் விடேல்ல. நாலு கிழமை, ஒவ்வொரு சனி ஞாயிறும். ஒரேயொரு இடம்தான் மிச்சம். குசினிப் பைப் தெற்குச் சுவருக்குள்ளால மேல ஏறுது. அதைச் சுத்தவேணுமெண்டால் சுவரைக் கழட்டவேணும். அதை வெயில் காலத்தில பாப்பம். அதுவரைக்கும் இரவில குசினிப் பைப்பைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ. நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தால் காணும். ஓடுற தண்ணி லேசில உறையாது.”

“சமையலறைக் குழாயையா, ராத்திரி பூராவா?”

“ஓம் அக்கா, விடியும்வரைக்கும். மறந்துபோடாதேங்கோ. இந்த விண்டருக்கு ஒரு பைப்பும் வெடிக்காட்டி, ஆகஸ்டில என்னைத் தன்ர வேலைக்கு எடுக்கிறதெண்டு அத்தான் சொல்லியிருக்கிறார். அப்ரெண்டிஸா. நாலு வருசத்தில நானும் பிளம்பர்.”

சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது. காரில் சுந்தர் மீதியைச் சொன்னான். ரூபன் எதைத் தொட்டாலும் அரைகுறை என்று நேசனுக்கு ஒரு எண்ணம். ஒருமுறை எதையோ பாதியில் விட்டாராம், அதிலிருந்து அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. முழுசாக ஒரு வேலையை அவர் கையில் விட்டது இதுதான் முதல் தடவை. அக்காவின் புருஷனிடம் நல்ல பேர் வாங்குவதுபோலக் கஷ்டம் உலகத்தில் இல்லை என்று நான் சொன்னேன். சுந்தர் சிரித்தான்.

பன்னிரண்டு மணிக்கு டெ கூயிட்டி. ஆட்டுக்கு மயிர் வெட்டுகிறவனுக்கு ஆள் உயரம் இல்லை, வீட்டு உயரத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். பேக்கரியில் காய்கறி அடைத்துச் சுட்ட ‘பை’ என்ற பண்டம் ஒன்று ஆறரை டாலர். ரூபாய்க்கு மாற்றிப் பார்க்காதே என்று தம்பி ஏற்கெனவே எச்சரித்திருந்தான். மாற்றிப் பார்த்தேன். அதனால் புளியோதரையே சாப்பிட்டோம். அங்கிருந்து தாமருனுய், அதற்கப்புறம் ராவ்ரிமு. அங்கே ரயில் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. சாலையோரம் நின்று அதை எட்டிப்பார்த்தபோது காற்று காதைக் கடித்தது.

மூன்று மணிக்கு நேஷனல் பார்க் போய்ச் சேர்ந்தோம். கிளம்பிய இடத்திலிருந்து ஏறக்குறைய முந்நூற்று ஐம்பது கிலோமீட்டர். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு ரயில் நிலையம், சில விடுதிகள், சில வீதிகள், அவ்வளவுதான் ஊர். நேசனின் வீடு பச்சைத் தகரக்கூரை போட்ட இரண்டு அறை வீடு. சமையலறைக்குத் தெற்குச் சுவர். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது, ஆகவே தெற்குச் சுவருக்கு வெயில் என்பதே கிடையாது. மேகம் விலகி எதிரே இரண்டு எரிமலைகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தபோது நான் அழுதேன் என்பதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமான பகுதி.

இரவு எட்டரைக்குச் சாப்பாடு முடிந்தது. சமையலறைக் குழாயை நூல் மாதிரித் திறந்துவிட்டு, “அக்கா, இதை அப்படியே விட்டுரு,” என்று சொல்லிவிட்டு சுந்தர் படுக்கப் போனான். நாள் முழுக்க வண்டி ஓட்டிய களைப்பு. அஞ்சாவது நிமிஷம் குறட்டை.

நான் சமையலறையில் நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். நல்ல தண்ணீர், குடிக்கிற தண்ணீர், ஒருவருக்கும் உபயோகமில்லாமல் தொட்டிக்குள் போகிறது. அம்பத்தூரில் லாரிக்காக விடியற்காலை குடத்தோடு நின்று, முன்னால் நின்றவளோடு சண்டை போட்டுத் தண்ணீர் பிடித்தவள் நான். கல்யாண மண்டபத்தில் யாரோ திறந்து விட்டுப்போன குழாயைத் தேடிப்போய் மூடுகிற ஆள். அலுவலகத்தில் எனக்குக் குழாய் இன்ஸ்பெக்டர் என்று பட்டப்பெயரே உண்டு. அந்தப் பட்டத்தில் எனக்குப் பெருமையும் உண்டு.

வீணாகாமல் பிடித்துவைத்தால் என்ன என்று தோன்றியது. ஒரு பாத்திரத்தை வைத்தேன். நிறைந்தது. கெட்டிலை வைத்தேன். பிறகு இட்லிப் பானை மாதிரி இருந்த பெரிய அலுமினியப் பாத்திரம், இரண்டு வாணலி, சாலட் கிண்ணங்கள், தரை துடைக்கும் வாளி, கடைசியாகப் பூ ஜாடி. நூலாக ஓடினால் நேரமாகிறது என்று நடுவில் கொஞ்சம் வேகமாகவே திறந்தேன். பத்து மணிக்கு வீட்டில் காலிப் பாத்திரம் என்று ஒன்று இல்லை. மேடை, மேசை, அடுப்பு எங்கும் தண்ணீர். மனசு நிறைந்துவிட்டது.

இனி எதில் பிடிப்பது? ரூபன் சொன்னது மறக்கவில்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. உள்ளே ஹீட்டர் ஓடுகிறது, சுவர் என்ன அவ்வளவு குளிர்ந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நேரம் மூடிவைத்து, நடுவில் எழும்போது திறக்கலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். நான் எப்போதும் நடுவில் எழுகிறவள்தான். குழாயை இறுக்கி மூடிவிட்டுப் படுத்தேன். அன்றைக்கு என்று பார்த்து விடியும்வரை தூங்கினேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கு எழுந்தபோது சுந்தரின் போனில் வெளியே மைனஸ் ஏழு. கண்ணாடியில் உள்பக்கமாகப் பனி படிந்திருந்தது. சமையலறைக்கு ஓடிக் குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. முழுக்கத் திருகினேன். வரவில்லை. குளியலறையில் தண்ணீர் வந்தது, ரூபன் நுரை சுற்றிய குழாய் அது. சமையலறைக் குழாயைத் திறந்தபடியே விட்டேன். வெயில் ஏறினால் தானாக வரும், வந்துவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். பிடித்துவைத்த தண்ணீரில் காபி போட்டேன்.

சுந்தர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். “என்னக்கா இது, வீடு பூரா அண்டா குண்டா? தண்ணி வருதுல்ல?”

“வருது, வருது. நீ காபி குடி.”

அந்த ஒரு நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால், வீட்டுக்குத் தண்ணீர் வரும் சாலையோர வால்வை மூடிவிட்டு நேசனுக்கு ஒரு போன் போட்டிருப்பான். அத்தோடு முடிந்திருக்கும். உறைந்த குழாய் உறைந்திருக்கும்வரை ஒழுகாது, பனி இளகும்போதுதான் விரிசல் வழியாகத் தண்ணீர் பீச்சும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் பொய் சொல்லும்போதே பொய் என்று தெரியும். அதற்குப் பிளம்பிங் படித்திருக்க வேண்டியதில்லை.

ஒன்பது மணிக்கு ஃபகபாபா மலைக்குப் போனோம். இருபது கிலோமீட்டர் சொச்சம். சறுக்குப் பலகை வாடகை இருபது டாலர். நான் சறுக்கினேன், விழுந்தேன், பனியை வாயில் போட்டுப் பார்த்தேன். சுந்தர் நாற்பது போட்டோ எடுத்தான். எல்லாவற்றிலும் சிரிக்கிறேன். இப்போது அவற்றைத் திறந்து பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது வாசல் படிக்கட்டில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தால் சமையலறையில் கணுக்கால் நனைகிற தண்ணீர். தெற்குச் சுவரின் பலகை பாயசத்து அப்பளம்போல ஊறித் தொங்கியது. குழாயிலும் தண்ணீர் பாய்கிறது, சுவருக்குள்ளும் பாய்கிறது. சுந்தர் சாலைக்கு ஓடி வால்வை மூடினான். கூடத்துக் கம்பளம் முழுக்கப் போய்விட்டது. தரைப்பலகைகள் ஏற்கெனவே உப்ப ஆரம்பித்திருந்தன.

சுந்தர் அங்கிருந்தே நேசனைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டான். “அண்ணா, ரூபன் சொன்ன மாதிரி குழாயைத் திறந்துதான் வெச்சிருந்தோம். இப்பவும் திறந்துதான் இருக்கு. அப்படியும் வெடிச்சிருச்சு.”

நேசன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “அப்ப ரூபன்ர வேலைதான். எனக்குத் தெரியும். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. அக்கா பயந்துபோட்டாவோ?” என்றார்.

அக்கா பயந்துதான் போயிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

நேசன் சொல்லி, மாலை ஆறு மணிக்கு ரூபன் புக்கெகோஹியிலிருந்து வந்து சேர்ந்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போனார். அரை மணி நேரம் கழித்து, முட்டியிலும் முகத்திலும் சேறோடு வெளியே வந்தார்.

“நான் சுத்தின இடத்தில ஒரு கீறல்கூட இல்லை. வெடிச்சது சுவருக்குள்ள,” என்றார் சுந்தரிடம். பிறகு சமையலறைக்குள் வந்தார். மேடையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். நான் பிடித்துவைத்த தண்ணீர் எல்லாப் பாத்திரங்களிலும் அப்படியே இருந்தது. நான் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து குனிந்தார்.

“அக்கா, இரவு முழுக்கப் பைப் ஓடினதோ?”

“ஓடிச்சு தம்பி.”

“விடியும்வரைக்கும் ஓடினதோ அக்கா?”

“ஆமா.”

அவர் மறுபடி ஒருமுறை பாத்திரங்களைப் பார்த்தார். சுந்தர் பக்கத்திலேயே துடைப்பத்தோடு நின்றான். “சரி அக்கா,” என்று சொல்லிவிட்டு ரூபன் கம்பளத்தைச் சுருட்டப் போனார். நாங்கள் ஏழரைக்குக் கிளம்பினோம். அவர் அங்கேயே தங்கினார்.

அடுத்த ஒன்பது நாள் கிளென்ஃபீல்டில் நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன். மாலுக்குப் போனேன், ஊருக்குச் சாமான் வாங்கினேன். நாளைக்குச் சொல்லலாம், கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று தள்ளினேன். தம்பி முகத்தில் முழிக்க வெட்கம். ஊரெல்லாம் திருத்தின அக்கா இப்படிச் செய்தாளா என்று நித்யா நினைப்பாளே என்று ஒரு கௌரவம். பத்தாவது நாள், புதன்கிழமை, வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போனபின் தனியாகக் கிளம்பினேன். நகரத்தில் பஸ் மாறி, டொமினியன் ரோடு வழியாக மவுண்ட் ரோஸ்கில் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். நேசன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார் என்று சுந்தர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். பாத்திரங்கள், மூடியது, காலையில் திறந்து வைத்தது, தம்பியிடம் சொன்ன பொய், ரூபனிடம் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. முதலில் அவர் சிரித்தார்.

“அக்கா, நீங்கள் அவனில இரக்கப்பட்டுக் கதைக்கிறியள். அவனே வந்து சொல்லிப்போட்டான், சுவரைக் கழட்டிச் சுத்தாதது தன்ர பிழைதானெண்டு.”

“அவர் பிழை இல்லைங்க. நான் மூடினேன். இந்தக் கையாலதான் மூடினேன்.”

சிரிப்பு நின்றது. சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். வெளியே அவருடைய வேனில் யாரோ ஒருவன் குழாய்களை ஏற்றிக்கொண்டிருந்தான். அவனைக் காட்டினார்.

“திங்கட்கிழமை அவனை வேலைக்கு எடுத்துப்போட்டன் அக்கா. பேப்பரெல்லாம் கையெழுத்தாச்சு. ஒராளுக்குத்தான் இடம். இனி அவனை என்னண்டு நிப்பாட்டுறது?” பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்கள் போன கிழமை வந்திருந்தாலும் பரவாயில்லை,” என்றார்.

அன்று மாலை சுந்தரிடமும் சொன்னேன். சனிக்கிழமை என்னைப் புக்கெகோஹிக்கு அழைத்துப் போனான். காரிலேயே இருந்துகொண்டான்.

காலை பத்து மணி, தேநீர் இடைவேளை. ரூபன் கொட்டகைக்கு வெளியே கவிழ்த்துப் போட்ட ஒரு கூடைமேல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, கூடையைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். பாதியிலேயே தலையசைத்தார்.

“எனக்குத் தெரியும் அக்கா. அந்தச் சட்டிகளைப் பாத்தோடனயே விளங்கினது.”

“அப்புறம் ஏன் தம்பி சொல்லல? உங்க அத்தான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? எதுக்கு உங்க தலைல போட்டுக்கிட்டீங்க?”

“நீங்கள் ஓடினதெண்டு சொன்ன பிறகு நான் என்னண்டு சொல்லுறது? தன்ர பிழையை மறைக்க வயசுக்கு மூத்த ஆளில பழி போடுறான் எண்டெல்லோ அத்தான் நினைச்சிருப்பார். ஏற்கெனவே அவருக்கு என்னில நம்பிக்கை இல்லை.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு அழ வசதியாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை அக்கா,” என்றார். அது மரியாதைக்குச் சொன்னது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உள்ளே மணி அடித்தது. வலைத்தொப்பியைத் தலையில் இழுத்து மாட்டிக்கொண்டே, “நான் உங்களைக் கேட்டனான்தானே அக்கா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளைக்கு மதியம் எனக்கு விமானம். பெட்டி கட்டியாகிவிட்டது. நியூசிலாந்து எப்படி என்று கேட்டால் மலையைச் சொல்வேன், பனியைச் சொல்வேன், செம்மண் பாத்திகளைச் சொல்வேன். ஊரில் பழகிய பழக்கத்தின்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று இத்தனை நாள் பார்த்தேன். குழாயை மூடியதை வேண்டுமானால் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ரூபன் கேட்டார். சேற்று முகத்தோடு பக்கத்தில் குனிந்து, நான் உண்மையைச் சொல்ல வழிவிட்டு, இரண்டு தடவை கேட்டார்.